மகள் படிக்கும் நாவலைப் பற்றி யார் சொல்வதை நம்புவது?

கேள்வி: வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், 15 வயது முடியப் போகிறது. ஒன்றரை வருடமாக ஆங்கில இளையோர் நாவல்களைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. 'ட்விலைட்', 'தி ஹங்கர் கேம்ஸ்', 'டைவர்ஜென்ட்' என்று வரிசையாகப் போகிறது. ஒன்று காதல் கதை, இல்லையென்றால் உலகம் நாசமான பிறகு பிள்ளைகளே பிள்ளைகளைக் கொல்லும் கதை. என் நாத்தனார் பள்ளி ஆசிரியை. "இதை இப்பவே நிறுத்து, மனசு கெட்டுப்போகும்" என்கிறார். நெட்டில் வாசகர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன், குழப்பம்தான் கூடியது. ஒரே புத்தகத்துக்கு ஒருவர் ஐந்து ஸ்டார் போட்டு உருகுகிறார், இன்னொருவர் ஒரு ஸ்டார் போட்டு, பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து என்கிறார். யாரை நம்புவது? மகள் படித்து முடித்ததும் ஒரு நோட்டில் ஏதோ எழுதி வைப்பாள். அவள் டியூஷன் போயிருந்தபோது அதை எடுத்துப் பார்த்துவிட்டேன். "எட்வர்ட் மாதிரி ஒருத்தன் போதும்" என்று இருக்கிறது. எட்வர்ட், 'ட்விலைட்' கதாநாயகன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. படிப்பதை நிறுத்தச் சொல்லவா? அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள், புத்தகம்தான் வேண்டும் என்கிறாள். என்ன வாங்கித் தரலாம்?
ஒரு அம்மா, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் பேசலாம். இந்த வயதில் நானூறு பக்க நாவலை உட்கார்ந்து முடித்து, யாரும் சொல்லாமலே ஒரு நோட்டுப் போட்டு அதைப் பற்றி எழுதுகிற பிள்ளைகளைப் பள்ளி நூலகத்தில் நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் பிரச்சினை என்று எழுதியிருப்பதில் பாதி எனக்கு நல்ல செய்தியாகத்தான் தெரிகிறது. மீதிப் பாதி, அதாவது அந்த எட்வர்ட் வரி, அதைப் பேசத்தான் வேண்டும். பேசுவோம்.

யாருடைய கருத்தை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாவலைப் பற்றி ஒருவர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு முதலில் தெரிய வேண்டியது அவர் எந்த வயதில் அதைப் படித்தார் என்பது. இந்த வகை நாவல்களில் அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பதின்வயதினருக்கென்று எழுதப்பட்டாலும் படிப்பவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பௌக்கர் என்ற ஆய்வு நிறுவனம் 2012ல் பார்த்தபோது, இளையோர் நாவல் வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அதிலும் 30க்கும் 44க்கும் இடைப்பட்டவர்கள் நிறைய. பெரும்பாலும் தங்களுக்காகவே வாங்கியிருந்தார்கள், பிள்ளைகளுக்காக இல்லை. ஆக, 'ட்விலைட்' நாயகியைப் பற்றி, 'பெல்லா மாதிரி அசட்டுப் பெண்ணைப் பார்த்ததே இல்லை' என்று எரிச்சலோடு எழுதியவர் 35 வயதில் வீட்டு வாடகையும் குழந்தையும் கவலையுமாக இருப்பவராக இருக்கலாம். அவர் சொல்வது பொய் இல்லை, அவருடைய வயதிலிருந்து அது அப்படித்தான் தெரியும். ஐந்து ஸ்டார் போட்டு அழுதேன் என்று எழுதியவளுக்கு 14 வயதாக இருக்கலாம், அவள் அழுததும் உண்மைதான். இரண்டு பேரையும் கூட்டி இரண்டால் வகுத்து மூன்று ஸ்டார் என்று போட்டால், அது யாருடைய கருத்தும் இல்லை.

சரி, 'ட்விலைட்' விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் தூக்கம் அங்கேதான் போயிருக்கிறது. ஸ்டெஃபெனி மேயர் எழுதி 2005ல் வந்தது, பெல்லா என்ற பள்ளிப் பெண்ணுக்கும் எட்வர்ட் என்ற ரத்தக்காட்டேரிக்கும் நடுவில் வரும் காதல் கதை. வந்த நாளிலிருந்து இன்றுவரை வாசகர்கள் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எதிர்த்து எழுதுகிறவர்கள் காட்டுகிற இடங்கள் எல்லாம் புத்தகத்தில் இருப்பவைதான். பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதை எட்வர்ட் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் பாகத்தில், அவளுடைய நண்பன் ஜேக்கப்பைப் பார்க்க அவள் போய்விடக் கூடாது என்று அவளுடைய வண்டியின் என்ஜினிலிருந்து ஒரு பாகத்தையே கழற்றி வைக்கிறான். இரண்டாம் பாகத்தில் அவன் அவளை விட்டுப் போன பிறகு வரும் பக்கங்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதங்களின் பெயர் மட்டும் இருக்கிறது, வேறு ஒரு வரி கிடையாது. அவன் இல்லாமல் அவளுக்கு வாழ்க்கையே இல்லை என்று அர்த்தம். இதைப் பார்த்துப் பெரியவர்கள் பயப்படுவது நியாயம், நானும் அந்த என்ஜின் இடத்தைச் சும்மா கடந்து போக மாட்டேன்.

ஆனால் 15 வயதில் அதைப் படிக்கிற பெண் எதற்கு மயங்குகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். நூலகத்தில் இதைத் திருப்பிக் கொடுக்க வருகிற பிள்ளைகளிடம், உனக்கு எந்த இடம் பிடித்தது என்று கேட்பேன். ஜன்னல் வழியாக வந்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் அவன் கேட்கிறான், நாள் முழுக்கக் கேள்வி கேட்டுக் கேட்டு அவளுக்குப் பிடித்த கலரிலிருந்து பிடித்த பாட்டுவரை தெரிந்துகொள்கிறான், அதைச் சொல்வார்கள். இது அந்த வயதின் ஏக்கம். வீட்டில் மார்க் எவ்வளவு என்றும், டியூஷன் எத்தனை மணிக்கு என்றும் கேட்கிறோம், உனக்கு என்ன பிடிக்கும் என்று மணிக்கணக்கில் கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? நான் உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் இதேதான். 'எட்வர்ட் மாதிரி ஒருத்தன்' என்று உங்கள் மகள் எழுதியதில், என் பேச்சை உட்கார்ந்து கேட்கிற ஒருத்தன் என்ற அர்த்தம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படித்தான் என்று என்னால் இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. அவளிடம் கேட்டால்தான் தெரியும், கேட்பதற்கு நீங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்.

ஆமாம், படிக்கச் சொல்கிறேன். நாலு பாகமும் வேண்டாம், முதல் பாகம் போதும், கூடவே மூன்றாம் பாகத்தில் அந்த வண்டி வரும் இடம். படித்துவிட்டு அறிவுரையாக ஆரம்பிக்காதீர்கள். "அவன் வண்டியை ஓடாமப் பண்ணி வெச்சானே, அது உனக்குச் சரின்னு பட்டுச்சா?" என்று ஒரு வாசகி இன்னொரு வாசகியிடம் கேட்பது போலக் கேளுங்கள். அவள் முதலில் அவனுக்காக வாதாடுவாள். வாதாடட்டும். அவளுடைய ஆபத்துக்காகத்தான் செய்தான் என்பாள், கதையிலும் அப்படித்தான் இருக்கிறது. "சரி, உன் கிளாஸ்ல ஒரு பையன் உன் சைக்கிள் செயினைக் கழற்றி வெச்சுட்டு உன் நல்லதுக்குன்னு சொன்னா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அவள் உடனே பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. 15 வயதில் எட்வர்டுக்காக உருகிய எத்தனையோ பெண்கள் பத்து வருடம் கழித்து அதே புத்தகத்தைத் திரும்பப் படித்து, இப்போது இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதிலேயே சிலர், இருந்தாலும் என்னை வாசகியாக ஆக்கியது இந்தப் புத்தகம்தான் என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகளின் நோட்டில் இருக்கிற வரியும் இந்த வருடத்து வரிதான்.

அப்புறம் 'தி ஹங்கர் கேம்ஸ்'. பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்வது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள், கதைச் சுருக்கம் அப்படித்தான், மறுக்கவில்லை. 12 மாவட்டங்களிலிருந்து வருடத்துக்கு ஒரு பையன், ஒரு பெண், 12 முதல் 18 வயதுக்குள் குலுக்கலில் எடுத்து, 24 பேரை ஒரு காட்டில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொல்லவிட்டு, அதை நாடு முழுக்க டிவியில் காட்டுகிறார்கள். 2008ல் சுசன் காலின்ஸ் இதை எழுதினார். ஒரு இரவு டிவியில் சேனலை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர்கள் போட்டி போடும் ரியாலிட்டி ஷோவும் இன்னொன்றில் இராக் போர்க் காட்சியும் மாறி மாறி வந்ததில் இந்தக் கதை பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா விமானப்படையில் இருந்து வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். அதனால் இந்த நாவலில் சாவு வேடிக்கையாக வருவதில்லை. போட்டியில் 12 வயதுச் சிறுமி ரூ செத்த பிறகு நாயகி காட்னிஸ் காட்டுப் பூக்களைப் பறித்து அந்தச் சின்ன உடலை அலங்கரிக்கிற இடத்தைப் படித்துவிட்டு, இந்தப் புத்தகம் கொலையைக் கற்றுக்கொடுக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் அந்தப் பக்கம்வரை வரவில்லை என்றுதான் நினைப்பேன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது, நிறைய வாசகர்களே கவனித்து எழுதியதுதான். கதையில் காட்னிஸுக்கும், அவளுடைய மாவட்டத்திலிருந்தே போட்டிக்கு வந்த பீட்டாவுக்கும் நடுவில் வரும் காதலில் பாதி டிவிக்காக நடிப்பது. குகைக்குள் அவள் அவனை முத்தமிட்டதும் மேலேயிருந்து பாராசூட்டில் சூடான சூப் வருகிறது, பார்க்கிறவர்களுக்குப் பிடித்துவிட்டது, ஆகவே சாப்பாடு. பசிக்கும் பெண்ணுக்கு, இன்னும் கொஞ்சம் காதல் காட்டு, இன்னும் தருகிறோம் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். இதைப் படித்த வாசகர்கள் உலகம் முழுக்க என்ன செய்தார்கள்? பீட்டா கட்சி, ஊரில் இருக்கும் அவள் தோழன் கேல் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். கதைக்குள் அந்தப் போட்டியை டிவியில் ரசிக்கும் தலைநகரத்து மக்கள் செய்ததையே வெளியே உட்கார்ந்து செய்தோமே என்று பின்னால் சில வாசகர்கள் திடுக்கிட்டு எழுதினார்கள். உங்கள் மகளின் நோட்டில் இந்தக் கட்சிப் பேச்சு கட்டாயம் இருக்கும். இந்த ஒன்றை அவளிடம் சொல்லிப் பாருங்கள், அவள் அன்றைக்கே புத்தகத்தைத் திரும்ப எடுப்பாள்.

மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே'வை நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. காட்னிஸ் பாதி நேரம் மருந்து மயக்கத்தில் இருக்கிறாள், மூலையில் ஒளிந்துகொள்கிறாள், முன்பு போலச் சண்டை போடவில்லை என்று குறை. எனக்கு அந்தப் பாகம்தான் மூன்றிலும் நேர்மையானது. அத்தனை சாவைப் பார்த்த 17 வயதுப் பெண் வேறு எப்படி இருப்பாள்? இந்த இடத்தில் ஒரு ஸ்டார் போட்டவர்களின் கருத்தோடு எனக்கு உடன்பாடே இல்லை, ஆனால் அவர்கள் எழுதியதைப் படித்ததால்தான் நான் அதை ஏன் நேர்மை என்று நினைக்கிறேன் என்பது எனக்கே தெளிவானது.

வாசகர் கோபம் என்றால் 'அலீஜியன்ட்'டைச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்கள் மகள் 'டைவர்ஜென்ட்' வரிசையில் இதை இன்னும் முடிக்கவில்லை என்றால் இந்தப் பத்தியை மட்டும் அவள் கண்ணில் காட்டாதீர்கள். வெரோனிகா ராத் இந்த வரிசையின் முதல் நாவலைக் கல்லூரியில் படிக்கும்போதே எழுதியவர், 2011ல் அது வந்தது. 2013ல் வந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் நாயகி ட்ரிஸ் செத்துப்போகிறாள். இரண்டு வருடம் அவளோடு வாழ்ந்த வாசகர்கள் கொதித்துப்போனார்கள், ஏமாற்றிவிட்டார் என்று எழுதினார்கள், எழுத்தாளரே முடிவை விளக்கி எழுத வேண்டி வந்தது. இன்னொரு பக்கம், தன் குடும்பத்துக்காகத் தன்னைக் கொடுப்பது என்றால் என்ன என்று முதல் பாகத்திலிருந்து தேடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வேறு முடிவு கிடையாது என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்த முடிவு பிடிக்கும். நாவலின் நடுப்பகுதிதான் எனக்கு இழுவையாகப் பட்டது, கதை நடக்கும் நகரத்தின் சுவருக்கு வெளியே வருகிற விஞ்ஞான விளக்கமெல்லாம் மனதில் நிற்கவில்லை. இப்படி ஒரே புத்தகத்தில் ஒன்று பிடித்து ஒன்று பிடிக்காமல் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஸ்டார் போடும் பழக்கத்தில் அது மறந்துபோகிறது.

ஊர் மாறினால் கருத்து எப்படி மாறுகிறது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன், உங்களுக்குப் பேச்சைத் தொடங்க உதவும். ஆலி காண்டி 2010ல் எழுதிய 'மேச்ட்' நாவலில், 17 வயதானதும் அரசாங்கமே கணக்குப் போட்டு உனக்கு யார் துணை என்று சொல்லிவிடும், ஒரு விருந்து வைத்துத் திரையில் முகத்தைக் காட்டுவார்கள். நாயகி காசியாவுக்கு வந்த முகம் அவளுடைய சிறுவயதுத் தோழன் சாண்டருடையது, எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது ஒரு நொடி வேறொரு பையனின் முகமும் வந்து போகிறது. கதை அங்கிருந்து கிளம்புகிறது. அமெரிக்க வாசகருக்கு இது தூரத்து எதிர்காலத்தின் பயங்கரம். நம் வீட்டுப் பெண் படிக்கும்போது ஜாதகக் கட்டும் பெண் பார்க்கும் நாளும் நினைவுக்கு வராமல் இருக்குமா? அந்தச் சமூகத்தில் யாருக்கும் பசி இல்லை, நோய் இல்லை, பெற்றோர் அன்பானவர்கள், மகளின் நல்லதற்காகவே ஒத்துப்போகிறவர்கள். இங்கே படிப்பவளுக்கு அந்த அம்மா அப்பாவை வெறுக்க முடியாது. கதை மெதுவாகப் போகிறது என்று வெளிநாட்டு வாசகர்கள் சலித்துக்கொண்ட அதே குடும்பக் காட்சிகளில்தான் நம் பிள்ளைகள் நின்று யோசிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் போட்ட ஸ்டாரை வைத்து உங்கள் வீட்டுக்குப் புத்தகம் முடிவு செய்வதில் உள்ள சிக்கல் இதுதான்.

அப்படியானால் வாசகர் கருத்துகளையே பார்க்க வேண்டாமா என்றால், பாருங்கள், ஆனால் ஸ்டாரை விட்டுவிட்டு, குறிப்பிட்ட காட்சியைச் சொல்லி எழுதியதை மட்டும் பாருங்கள். மூன்று ஸ்டார் போட்டவர்கள் பெரும்பாலும் உருப்படியாக எழுதுவார்கள், பிடித்தது எது பிடிக்காதது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருப்பதால். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே குவிந்த கருத்துகளைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். 2019 தொடக்கத்தில் 'பிளட் ஏர்' என்ற இளையோர் நாவலை, முன்பிரதி படித்த சிலர் வைத்த குற்றச்சாட்டு பரவி, புத்தகத்தைப் பார்த்தே இராதவர்களும் சேர்ந்துகொண்டதில், எழுத்தாளரே வெளியீட்டை நிறுத்தி வைத்தார். பிறகு திருத்தங்களோடு அந்த வருடக் கடைசியில் வெளியிட்டார். படித்தவர்களும் தப்பாகப் படிப்பதுண்டு. ரூவுக்குக் கரும்பழுப்புத் தோல் என்று காலின்ஸ் தெளிவாக எழுதியிருந்தும், 2012ல் படம் வந்தபோது கறுப்பினச் சிறுமி நடித்திருப்பதைப் பார்த்து, நாங்கள் நினைத்த ரூ இவள் இல்லை என்று சில ரசிகர்கள் எழுதினார்கள். அவர்களும் புத்தகத்துக்கு ஐந்து ஸ்டார் கொடுத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது பிள்ளைகள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பார்த்துத்தான் புத்தகம் தேர்ந்தெடுக்கிறார்கள், அங்கே இளையோர் நாவலும் பெரியவர்களுக்கான காதல் நாவலும் ஒரே வண்ண அட்டையில் கலந்து கிடக்கின்றன. கொலீன் ஹூவர் 2016ல் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' நிறையப் பள்ளிப் பெண்கள் கையில் இருக்கிறது. அது பெரியவர்களுக்கு எழுதியது, கணவன் அடிப்பதைப் பற்றியது, முக்கியமான விஷயம்தான், ஆனால் 15 வயதில் தனியாகப் படிக்கத் தர மாட்டேன். சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015ல் இளையோர் நாவலாகவே வந்தது, உள்ளே வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகள் இருப்பதால் பின்னால் பெரியவர்களுக்கான பதிப்பாக மாற்றினார்கள். பழைய பதிப்பு நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில் இளையோர் வரிசையிலேயே இருக்கும். இந்த மாதிரி விஷயங்களுக்கு வாசகர் கருத்து நிஜமாகவே பயன்படும், எந்த வயதுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று பெற்றோர்கள் எழுதி வைத்திருப்பார்கள். அவள் ஏற்கெனவே படித்த மூன்று வரிசைகளோடு ஒப்பிட்டால் இவைதான் நீங்கள் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

உங்கள் நாத்தனாருக்கு என்ன சொல்வது? அமெரிக்காவிலும் இதே பயம் உண்டு என்று சொல்லுங்கள். அங்குள்ள நூலகச் சங்கம், பெற்றோரும் மற்றவர்களும் நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்த புத்தகங்களின் பட்டியலை வருடா வருடம் வெளியிடுகிறது. 2009 பட்டியலில் 'ட்விலைட்', 2010லும் 2011லும் 'ஹங்கர் கேம்ஸ்' முதல் பத்துக்குள் இருந்தன. அவர் ஆசிரியை என்பதால் இன்னொன்றையும் சொல்லிப் பாருங்கள். 2014ல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, காட்னிஸின் மாவட்டத்து மக்கள் செய்கிற அந்த மூன்று விரல் வணக்கத்தைத் தெருவில் காட்டித்தான் இளைஞர்கள் எதிர்ப்பைச் சொன்னார்கள், ராணுவம் அதைக் காட்டியவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. 2021ல் மியான்மரிலும் அதே மூன்று விரல். மனசு கெட்டுப்போகும் என்று அவர் பயப்படுகிற கதையிலிருந்து வந்த சைகை அது. அவருக்கு இது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், ஆனால் படிக்காமல் பேசக் கூடாது என்று ஒரு ஆசிரியையிடம் நாம் கேட்கலாம். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே நூலகங்களுக்கென்று எழுதி வைத்த ஐந்து விதிகளில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், இன்னொன்று ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த இரண்டையும் நம்பித்தான் நான் வேலை பார்க்கிறேன்.

நோட்டு விஷயம். அதை இனிமேல் எடுக்காதீர்கள், எடுத்ததை அவளிடம் சொல்லிவிடுங்கள். கஷ்டமாக இருக்கும், அவள் கோபப்படுவாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். ஆனால் சொல்லாமல் நீங்கள் 'ட்விலைட்'டைக் கையில் எடுத்தால், அம்மா ஏன் திடீரென்று இதைப் படிக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம் வரும், வந்தால் நோட்டில் எழுதுவதே நின்றுபோகும். அது நின்றுபோனால்தான் நான் உண்மையில் வருத்தப்படுவேன். "எடுத்துப் பார்த்துட்டேன், தப்புதான், இனிமேல் தொட மாட்டேன், நீ எழுதினதைப் படிச்சதிலேருந்து எனக்கும் அந்தப் புத்தகத்தைப் படிக்கணும் போல இருக்கு" என்று நேராகச் சொல்லுங்கள். எட்வர்ட் வரியை அன்றைக்கே எடுக்காதீர்கள். நீங்கள் புத்தகத்தை முடிக்கும்வரை அது காத்திருக்கும்.

பிறந்தநாளுக்கு இரண்டு புத்தகம் வாங்குங்கள். ஒன்று அவளுக்கே அவளுக்கு, 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்'. காலின்ஸ் 2025ல் எழுதியது, காட்னிஸுக்கு வழிகாட்டியாக வரும் ஹேமிட்ச் தன் 16 வயதில் போன போட்டியின் கதை, அந்த வருடம் மட்டும் 24க்குப் பதில் 48 பிள்ளைகள். அவள் ஏற்கெனவே வாங்கிவிட்டாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று லோயிஸ் லோரி 1993ல் எழுதிய 'தி கிவர்', இது இரண்டு பேருக்கும். சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம், நீங்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். இன்று அவள் படிக்கிற இந்த வகைக்கெல்லாம் அக்கா மாதிரி அது. வலியே இல்லாத ஊர் ஒன்று, அங்கே எல்லோருடைய நினைவுகளையும் ஒருவர் மட்டும் சுமக்கிறார், அந்த வேலைக்கு 12 வயது ஜோனாஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பச்சைக் குழந்தைக்கு அங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரியவரும் ஒரு காட்சி இருக்கிறது, அம்மாக்களுக்குக் கஷ்டமான பக்கம், ராத்திரி தனியாக இருக்கும்போது படிக்காதீர்கள். கடைசியில் ஜோனாஸ் பிழைத்தானா இல்லையா என்று முப்பது வருடமாக வாசகர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். நீங்கள் முதலில் முடித்துவிட்டால் உங்கள் கட்சி எது என்று அவளிடம் சொல்லாதீர்கள், அவள் முடிக்கட்டும். லோரி பின்னால் எழுதிய பாகங்களில் அதற்குப் பதில் இருக்கிறது, அதை மூன்றாவதாக வாங்கிக்கொள்ளலாம்.